செடெனாக்கின் தண்ணீருக்கு யார் விலை கொடுப்பது?

செம்பனை மரங்கள் நின்ற, ஜொகூரின் கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கில் இன்று தரவு மையங்கள் நிற்கின்றன. ஜொகூர் கார்ப்பரேஷனின் தொழில்நுட்பப் பூங்கா அங்கே வளர்ந்துகொண்டே போகிறது. அதை உள்ளடக்கிய இப்ராஹிம் டெக்னோபொலிஸ் திட்டத்தின் பரப்பு 7,290 ஏக்கர். இரவும் பகலும் சூடாகும் கணினிகளைக் குளிர்விக்கப் பல மையங்கள் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. கூலாய் தாமான்களில் குடியிருக்கும் நாமும் அவையும் ஒரே மாநிலத்தின் ஆறுகளைத்தான் பங்கிட்டுக்கொள்கிறோம். அந்தப் பங்கீட்டின் செலவு வீட்டுக் குழாயின் தலையில் விழக்கூடாது.

தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான், 2025 ஆகஸ்டு 1 முதல் ஜொகூரின் தரவு மையங்களுக்குக் கன மீட்டருக்கு 5 வெள்ளி 33 சென் என்று தனிக் கட்டணம் விதித்தது. சரியான முடிவு, மனமார வரவேற்கிறோம். ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மீட்டரில் ஓடும் தண்ணீருக்கு மட்டுமே இந்தக் கட்டணம். நீர் நிறுவனத்தின் பெருஞ்செலவோ சுத்திகரிப்பு ஆலையிலும் பெருங்குழாயிலும் நீர்த்தேக்கத்திலும் இருக்கிறது. மிகக் கடுமையான வெயில் நாளின் தேவையைக் கணக்கிட்டு அவற்றைக் கட்டுகிறார்கள். தரவு மையம் அன்று முழு அளவும் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அதற்கென ஒதுக்கிய கொள்ளளவு பிறருக்குக் கிடைக்காது. எனவே ஒதுக்கீடு கேட்கும்போதே அதற்கான கட்டுமானச் செலவின் முழுப் பங்கையும் அந்த மையமே ஏற்க வேண்டும். யாருக்காக ஆலை விரிவாகிறதோ அவர்தான் அதற்குப் பணம் தர வேண்டும்.

வீடுகளின் நிலை என்ன? 2024 பிப்ரவரியில் தீபகற்ப மலேசியா முழுவதும் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் சராசரியாகக் கன மீட்டருக்கு 22 சென் கூடியது. ஜொகூரில் மாதம் 20 கன மீட்டர் வரை ஒரு விலை, 35 வரை அதைவிட அதிகம், அதற்கு மேல் இன்னும் அதிகம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் படிநிலை, ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்வோம். நால்வர் வீட்டுக்கு மாதம் 18 கன மீட்டர். முதல் படியிலேயே அடங்கிவிடும். தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என ஏழு பேர் சேர்ந்து வாழும் வீட்டுக்கு 31.5 கன மீட்டர். யாரும் ஒரு வாளி வீணாக்காமலேயே அந்தக் குடும்பம் இரண்டாம் படிக்குப் போய்விடுகிறது. தோட்டத்தை விட்டு வந்து மலிவு வீட்டில் நெருக்கியடித்து வாழும் நம் குடும்பங்கள் பலவும் இப்படித்தான். வீட்டிலுள்ள ஆட்களின் எண்ணிக்கைக்கேற்ப முதல் படியை விரிக்க வேண்டும்.

கழிவுநீருக்கு வருவோம். வீடுகள் எவ்வளவு தண்ணீர் செலவழித்தாலும் கழிவுநீர்ச் சேவை நிறுவனமான இண்டா வாட்டருக்கு மாதம் ஒரே தொகைதான். தொண்ணூறுகளில் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தச் சேவை, மக்கள் கட்டணத்தை எதிர்த்ததாலும் வசூல் போதாததாலும் 2000இல் நிதியமைச்சின் கைக்கு வந்தது. இன்னும் அரசு மானியத்தில்தான் ஓடுகிறது. சிங்கப்பூரில் கழிவுநீர்க் கட்டணம் தண்ணீர் பில்லிலேயே, செலவான அளவுக்கேற்பச் சேர்கிறது. எளிய குடும்பங்களுக்கு அரசு தள்ளுபடி தருகிறது. அந்தப் பாதை இங்கும் பொருந்தும், தள்ளுபடி முதலில் வந்தால். குளிரூட்டும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால், தரவு மையங்களுக்கு வெளியேற்றும் நீரின் அளவையும் தன்மையையும் தனியாக அளந்து கட்டணம் விதிக்க வேண்டும். இண்டா வாட்டரின் கழிவுநீரை மறுசுத்திகரித்துக் குளிரூட்டலுக்கு அனுப்பினால் குடிநீர் மிஞ்சும். மறுசுத்திகரித்த நீர் கிடைக்கும் இடத்தில் குடிநீரைக் குளிரூட்டலுக்குக் கொடுக்கவே கூடாது.

ஒரு முறை எழுதிவிட்ட விலை என்ன செய்யும் என்பதை ஜொகூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலன் கச்சா நீருக்கு விலை 3 சென். ஒப்பந்தம் 2061 வரை செல்லும். விலையை மறுபார்வையிடும் உரிமை குறித்து இரு நாடுகளும் இன்றும் முரண்படுகின்றன. அந்த ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியு நீர்த்தேக்கமே 2016 அக்டோபரில் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. தரவு மையங்களுடன் செய்யும் எந்த நீர் ஒப்பந்தத்திலும் விலை மறுபார்வைக்கான காலமும் விதியும் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட வேண்டும். வறட்சியில் முதலில் குறைக்கப்படுவது யாருடைய தண்ணீர் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஜொகூரில் சுத்திகரித்த நீரில் ஏறத்தாழக் கால் பங்கு, கசிவாலும் திருட்டாலும் மீட்டர் கோளாறாலும் வருவாய் தராமல் போகிறது. அந்த இழப்பைக் குறைக்கும் இலக்கை, மாநிலத்துக்குத் தண்ணீர் வழங்கும் ரான்ஹில் எஸ்ஏஜே நிறுவனம் எட்டியதா என்று காட்டாமல் வீட்டுக் கட்டணத்தை மீண்டும் உயர்த்த ஸ்பான் அனுமதிக்கக் கூடாது.

செடெனாக்கிலும் கூலாயிலும் ஒவ்வொரு தரவு மையத்துக்கும் ஒதுக்கிய நீர் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்ற கணக்கை மாநில அரசும் ஸ்பானும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அடுத்த கட்டண மறுஆய்வுக்கு முன்பே அந்தக் கணக்கு மக்கள் கைக்கு வர வேண்டும். கூலாய் வாசகர்களே, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதை எழுத்து மூலம் கேளுங்கள்.