முதலில் பிரேக், அப்புறம்தான் வேகம்!



போன மாதம் இதே சுவரில் "வீடியோ கேம் நல்லதா, கெட்டதா?" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் நல்லது என்றார். இன்னொருவர் கண் கெட்டுப்போகும் என்றார். நான் மூன்றாவதாக ஒன்று சொல்ல வந்திருக்கிறேன். எப்படி விளையாடுகிறோம், யாரை விளையாட விடுகிறோம் என்பதுதான் கேள்வி. இதுதான் என் கருத்து.

"பொம்பளப் பிள்ளைக்கு கார் ரேஸ் பத்தி என்ன தெரியும்?" என்று சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

திண்டுக்கல்லில் எங்க சித்தப்பா வீட்டில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2 இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் கிரான் டூரிஸ்மோ 4 என்று ஒரு கேம். 2004-ல் ஜப்பானில் வெளிவந்தது. இதன் முதல் பாகம் 1997-ல் வந்தது, ஏழாம் பாகம் 2022-ல் வந்தது. இதை உருவாக்கியவர் கசுனோரி யமாவுச்சி என்கிற ஜப்பான்காரர். அவர் சும்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் இல்லை. ஜெர்மனியில் உள்ள நூர்பர்கிரிங் மைதானத்தில் நடக்கும் 24 மணி நேரப் போட்டியில் நிஜமாகவே கார் ஓட்டியவர். அதனால்தான் இந்த கேமில் கார்கள் நிஜக் கார் மாதிரியே நடந்துகொள்ளும். மற்ற கேம்களில் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் கார் பறக்கும். இதில் அப்படிச் செய்தால் முதல் வளைவிலேயே மண்ணில்தான் கிடப்போம்.

நான் அப்படித்தான் கிடந்தேன்.

சித்தப்பா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. "மோதினா கை மாறணும்." அதாவது கார் மோதிவிட்டால் ரிமோட்டை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். சித்தப்பா மகன் அண்ணன் ப்ளஸ் ஒன் படிக்கிறார். அவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து போட்ட சட்டம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் யோசித்துப் பாருங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். எனக்குப் பத்து விநாடி கிடைக்கும். பத்து விநாடியில் நான் என்ன கற்றுக்கொள்வேன்? மறுபடி என் முறை வரும்போது மறுபடியும் பத்து விநாடி. முழு ஆண்டு லீவில் பாதி இப்படியே போய்விட்டது. "உனக்கு வராதும்மா, விட்டுரு" என்று அண்ணன் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அவர்கள் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவார்கள். அப்போது டிவியும் பெட்டியும் எனக்குத்தான். சித்தி, "ஆறு மணிக்கு சீரியல், அதுக்குள்ள முடிச்சிரு" என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். புதிதாக விளையாடுபவர்களுக்கு உதவும்.

1. லைசென்ஸ் பரீட்சையைத் தவிர்க்காதீர்கள்

இந்த கேமில் பெரும்பாலான போட்டிகளுக்கு முதலில் லைசென்ஸ் வாங்க வேண்டும். பையன்களுக்கு அது போர். அண்ணன் யாரிடமோ எல்லா லைசென்ஸும் வாங்கி முடித்த மெமரி கார்டு வாங்கி வந்து அதில்தான் ஓட்டுவார். நான் புதிதாக முதலில் இருந்து தொடங்கினேன். ஆரம்பப் பரீட்சை என்ன தெரியுமா? வேகமாகப் போவது மட்டும் இல்லை. புறப்பட்டுப் போய், காட்டிய கோட்டுக்குள் வண்டியை நிறுத்த வேண்டும். கோட்டைத் தாண்டினால் பெயில். இன்னொரு பரீட்சையில் ஒரே ஒரு வளைவு. பாதையை விட்டு வெளியே போனாலும் பெயில்தான். எப்படி ஓட்ட வேண்டும் என்று அதுவே ஒருமுறை ஓட்டிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். வெண்கலம் கிடைத்தால் போதும். தங்கம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2. சின்ன கார் எடுங்கள்

எல்லோரும் முதலில் நிசான் ஸ்கைலைன் மாதிரி பெரிய காருக்குத்தான் ஆசைப்படுவோம். நான் ஹோண்டா சிவிக் எடுத்தேன். முன் சக்கரம் இழுக்கிற கார். பின் சக்கரம் தள்ளுகிற பலமான கார் என்றால், வளைவில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினாலும் பின்பக்கம் வழுக்கி அப்படியே திரும்பி நின்றுவிடும். சின்ன காரில் தப்பு செய்தாலும் திருத்த நேரம் கிடைக்கும். சைக்கிள் பழகும்போது முதலில் குட்டி சைக்கிளில்தானே பழகினோம்? டிசிஎஸ், ஏஎஸ்எம் என்று வழுக்காமல் பிடிக்கிற உதவிகள் இருக்கும். அவற்றை ஆரம்பத்தில் அணைக்காதீர்கள்.

3. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்

இதுதான் மிக முக்கியம். வளைவுக்குள் போன பிறகு பிரேக் போட்டால் கார் திரும்பாது, நேராகத்தான் போகும். ஏன்? டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒரு குடம் தண்ணீர் மாதிரி. அதில்தான் சமையலும் செய்ய வேண்டும், செடிக்கும் ஊற்ற வேண்டும். மொத்தத்தையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. அதனால் நேரான பாதையில் இருக்கும்போதே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கை விட விடத் திருப்ப வேண்டும். கார் நேரானதும்தான் ஆக்சிலேட்டர்.

எவ்வளவு முன்னால் போடுவது? நம் அறிவியல் பாடத்தில் v² = u² + 2as படித்தோமே, அதைப் போட்டுப் பாருங்கள். எதிர் முடுக்கம் 10 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் நிற்க 5 மீட்டர் ஆகும். 72 கி.மீ. என்றால் 10 மீட்டர் இல்லை, 20 மீட்டர்! 144 கி.மீ. என்றால் 80 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நான்கு மடங்கு. இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்குப் புரியவே இல்லை. மண்ணில் போய் விழுந்த பிறகுதான் புரிந்தது.

4. வெளியே, உள்ளே, வெளியே

வளைவில் சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்துங்கள். வலப்பக்க வளைவு என்றால் இடது ஓரத்தில் வந்து, நடுவில் வலது ஓரத்தைத் தொட்டு, மறுபடி இடது ஓரத்துக்குப் போக வேண்டும். அப்போது வளைவு பெரிய வட்டம் மாதிரி ஆகிவிடும். மையநோக்கு விசை பாடத்தில் ஆரம் கூடினால் தேவைப்படும் விசை குறையும் என்று வருகிறதே, அதேதான். நம் ஊர் டவுன் பஸ் கோயில் முக்கில் திரும்பும்போது முதலில் எதிர்ப்பக்கம் ஒதுங்கித்தான் திரும்பும். பஸ் நீளத்துக்காக அப்படிச் செய்கிறது. ரேஸ் கார் வேகத்துக்காகச் செய்கிறது.

5. பட்டனை மெதுவாக அமுக்குங்கள்

பிளேஸ்டேஷன் 2 ரிமோட்டில் பட்டனை எவ்வளவு பலமாக அமுக்குகிறோம் என்பதையும் அது கண்டுபிடித்துவிடும். லேசாக அமுக்கினால் லேசான பிரேக். ஆனால் பையன்கள் பட்டனை உடைக்கிற மாதிரிதான் அமுக்குவார்கள். கோலம் போடும்போது மாவை மொத்தமாகக் கொட்டினால் கோலம் வருமா? விரல் இடுக்கில் விட விடத்தானே கோடு வரும்? அந்த மாதிரிதான்.

6. தூரத்தில் பாருங்கள், ஒரே பாதையில் ஓட்டுங்கள்

காருக்கு முன்னால் இருக்கிற ரோட்டைப் பார்க்காமல் அடுத்த வளைவைப் பாருங்கள். குடம் சுமந்து நடக்கும்போது காலைப் பார்த்தால் தடுக்கி விழுவோம் இல்லையா? அதே போல் தினம் ஒரு பாதை மாற்றாதீர்கள். நான் ஜப்பானில் உள்ள ட்சுகுபா என்ற பாதையில் மட்டுமே இரண்டு வாரம் ஓட்டினேன். மொத்தமே சுமார் 2 கிலோமீட்டர்தான். ஆசைப்பட்டு நூர்பர்கிரிங் போகாதீர்கள். ஒரு சுற்று 20 கிலோமீட்டருக்கு மேல். எழுபதுக்கும் அதிகமான வளைவுகள். அதற்குப் 'பச்சை நரகம்' என்றே பட்டப்பெயர் இருக்கிறது.

சுவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த கேமில் கார் நசுங்காது. அதனால் அண்ணனின் நண்பர்கள் தூரத்தில் இருக்கும்போதே பிரேக் போடாமல், சுவரில் உரசியே திரும்புவார்கள். அப்படிச் செய்து ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் அது ஓட்டக் கற்றுக்கொண்டது ஆகாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் நாள் ட்சுகுபாவில் என் நேரம் 1 நிமிடம் 31 விநாடி. இரண்டு வாரத்தில் 1 நிமிடம் 17 விநாடி ஆனது. ஒருநாள் அண்ணனிடம், "அண்ணே, ரெண்டு பேரும் சிவிக்ல ஓட்டலாமா? சுவத்துல உரசக் கூடாது" என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே மண்ணுக்குப் போய்விட்டார். நான் ஜெயித்தேன். இரண்டாவது முறை அவர் ஜெயித்துவிட்டார், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் அவர் கேட்டார், "அந்த வளைவுல எங்க பிரேக் போடுற?" அந்த ஒரு கேள்வி எனக்குத் தங்க மெடல் மாதிரி இருந்தது. அன்றைக்கே சட்டமும் மாறியது. மோதினாலும் பரவாயில்லை, ஆளுக்கு ஒரு முழுச் சுற்று.

இந்த கேம் விளையாடினால் நிஜ டிரைவர் ஆகிவிடலாமா? ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த லூகாஸ் ஓர்டோன்யஸ் என்பவர் 2008-ல் ஜி.டி. அகாடமி என்ற போட்டியில், இந்த கேம் மூலமாகவே தேர்வாகி நிஜ ரேஸ் டிரைவர் ஆனார். 2011-ல் பிரான்ஸில் நடந்த லெமான்ஸ் 24 மணி நேரப் போட்டியில் அவர் அணி தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் கேமில் இருந்து நேராக அவரைக் காரில் ஏற்றிவிடவில்லை. நிஜக் காரில் பயிற்சி கொடுத்து, லைசென்ஸ் வாங்க வைத்துத்தான் ஏற்றினார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு விளையாட்டிலேயே லைசென்ஸ் இல்லாமல் போட்டிக்கு விட மாட்டேன் என்கிறார்கள். ஆனால் நம் ஊரில், நம் வயது அண்ணன்மார்கள் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட ரோட்டில் முறுக்குகிறார்கள். கியர் வண்டி ஓட்ட 18 வயது முடிந்து லைசென்ஸ் வாங்க வேண்டும். அது அவர்களுக்கும் தெரியும். கேமில் மோதினால் ஸ்டார்ட் பட்டன் இருக்கிறது. ரோட்டில் அது இல்லை. முறுக்குவது திறமை இல்லை அண்ணன்மார்களே. சின்னப் பிள்ளை குறுக்கே வந்தால் நிறுத்தத் தெரிவதுதான் திறமை. அந்த 20 மீட்டர் கணக்கை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். "மோதினா கை மாறணும்" என்ற சட்டம் சித்தப்பா வீட்டில் மட்டும் இல்லை. நம் கம்ப்யூட்டர் அறையில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மவுஸ் யார் கையில் இருக்கிறது? ஏற்கனவே தெரிந்தவர் கையில்தான். கேரம் போர்டில் யார் ஆடுகிறார்கள்? நன்றாக ஆடுகிறவர்கள்தான். தெரியாதவர் கொஞ்சம் தடுமாறினால் உடனே பிடுங்கிவிடுகிறோம். அப்புறம் "உனக்கு வராது" என்று சொல்கிறோம். வராமல் இருக்கிறதா, வர விடவில்லையா?

பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் மூட்டோன் என்ற பெண் 1981-ல் சான்ரெமோ என்ற கார் ராலியில் எல்லா ஆண்களையும் தாண்டி ஜெயித்தார். உலக ராலி போட்டி ஒன்றில் ஜெயித்த முதல் பெண் அவர்தான். அடுத்த வருடம் உலக அளவில் இரண்டாம் இடம். அவரும் ஏதோ ஒரு நாள் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவர்தானே? அன்றைக்கு யாராவது பத்து விநாடியில் பிடுங்கியிருந்தால்?

அதனால் என் கோரிக்கை இதுதான். விளையாட்டானாலும் கம்ப்யூட்டரானாலும், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு முழுச் சுற்று கொடுங்கள். மோதட்டும். மண்ணில் விழட்டும். மறுபடி ஓட்டட்டும். கற்றுக்கொள்கிறவர்களே, நீங்களும் அவசரப்படாதீர்கள். முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். வேகம் தானாக வரும்.

நிதானமே பிரதானம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி