மைண்ட்ஃபுல்னஸ் ஆப் இருந்தா மாத்திரை வேண்டாமா? 8 வார பயிற்சியின் அடிப்படை என்ன?

"தினமும் 10 நிமிஷம் போதும், மனசு லேசாகிடும்" என்கிறது ஒரு ஆப் விளம்பரம். "மனச்சோர்வுக்கு மாத்திரை அளவுக்கு மைண்ட்ஃபுல்னஸும் பலன் தரும்" என்று இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. இரண்டையும் படிக்கிற ஒருவர், சாப்பிட்டு வரும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆப்புக்கு மாறினால் என்ன ஆகும்? சிக்கல் இங்கேதான். ஆய்வில் சோதிக்கப்பட்டது ஒன்று, நம்ம போனில் இருப்பது வேறொன்று.

மைண்ட்ஃபுல்னஸ்னா என்ன?

சிலர் இதை 'மனநிறைவு' என்று எழுதுகிறார்கள். ஆனால் மனநிறைவு என்றால் திருப்தி. இது அது இல்லை. இந்த நொடியில் உடம்பிலும் மனதிலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல் விழிப்போடு கவனிப்பதுதான் மைண்ட்ஃபுல்னஸ். மனசைக் காலியாக்குவதோ, உடனே ரிலாக்ஸ் ஆவதோ இதன் இலக்கு கிடையாது.

எங்கே தொடங்கியது?

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலி உள்ளிட்ட பிரச்னைகளோடு வாழ்ந்தவர்களுக்காக ஜான் கபாட்-ஜின் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். பௌத்த தியான முறைகளை, மதச் சடங்கு எதுவும் இல்லாமல் மருத்துவமனைக்குள் கொண்டுவந்த முயற்சி அது. பெயர் எம்பிஎஸ்ஆர்.

மொத்தம் 8 வாரம். வாரம் ஒருமுறை சுமார் இரண்டரை மணி நேரம் குழுவாக வகுப்பு. இடையில் ஒருநாள் முழுக்க பயிற்சி. இதுபோக வீட்டில் வாரத்துக்கு 6 நாள், தினமும் 45 நிமிடம் வரை. '10 நிமிஷம் போதும்' என்ற விளம்பரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் இதை மனச்சோர்வுக்கு ஏற்ப மாற்றினார்கள். அதுதான் எம்பிசிடி. ஒருமுறை மீண்டவருக்கு மனச்சோர்வு மறுபடி வராமல் தடுப்பதே அதன் முதல் நோக்கம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, 2004-லேயே இதைப் பரிந்துரைத்தது.

மாறக்கூடாத அம்சங்கள் எவை?

எதை வேண்டுமானாலும் மைண்ட்ஃபுல்னஸ் என்று விற்கும் நிலை வந்தபோது, கபாட்-ஜின் உள்ளிட்ட நிபுணர்கள் 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் சொன்ன உவமை தறி. பாவு நூல் மாறாது, குறுக்கே ஓடும் ஊடை நூல் மாறலாம். கர்ப்பிணிகளுக்கு ஒரு மாதிரி, போதைப் பழக்கத்தில் இருந்து மீள்பவர்களுக்கு ஒரு மாதிரி என பயிற்சியை மாற்றுவது ஊடை. பாவு எது? எளிமையாகச் சொன்னால் இவைதான்:

* நிகழ்காலக் கவனம்: மூச்சு, உடம்பு, சத்தம் என இப்போது நடப்பதில் கவனம். மனசு எங்காவது ஓடினால், திட்டாமல் திரும்பக் கூட்டிவருவது.

* எண்ணத்தில் இருந்து தள்ளி நிற்பது: "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று தோன்றினால், அதை உண்மையாக எடுத்துக்கொள்ளாமல், "இப்படி ஒரு எண்ணம் வருது" என்று பார்ப்பது.

* விலகி ஓடாமல் இருப்பது: வலி, பயம், சோகம் வந்தால் தட்டிக்கழிக்காமல் மெதுவாக கவனித்துப் பார்ப்பது.

* தொடர் பயிற்சி: கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது. தினமும் செய்து பழக வேண்டும்.

* பயிற்சி பெற்ற ஆசிரியர்: தானும் தொடர்ந்து பயிற்சி செய்பவர். "என்ன கவனிச்சீங்க?" என்று கேட்டு, பதிலில் இருந்து வகுப்பை நகர்த்துபவர்.

கடைசி இரண்டும் ஆப்பில் கிடைப்பது கஷ்டம்.

மாத்திரைக்குச் சமமா?

2015-ல் லான்செட் இதழில் ஒரு பிரிட்டன் ஆய்வு வெளியானது. பலமுறை மனச்சோர்வு வந்து, அதிலிருந்து மீண்டு, மாத்திரை எடுத்துவந்த 424 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். இன்னொரு பிரிவினர் எம்பிசிடி வகுப்புக்குப் போனார்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கவும் அவர்களுக்கு உதவி கிடைத்தது.

2 ஆண்டுகளில் மனச்சோர்வு திரும்பியது எம்பிசிடி பிரிவில் 44 சதவீதம் பேருக்கு, மாத்திரைப் பிரிவில் 47 சதவீதம் பேருக்கு. எம்பிசிடி மாத்திரையை விட மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. இரண்டிலுமே கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நோய் திரும்பியதையும் கவனிக்க வேண்டும். மாத்திரையைக் குறைத்தவர்கள் மருத்துவர்களின் உதவியோடுதான் அதைச் செய்தார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம்; நோயும் திரும்பலாம்.

பள்ளியில் என்ன ஆனது?

பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. வழக்கமான சமூக, உணர்வுத்திறன் பாடங்களை விட மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் பலனும் ஒன்றாக வந்துவிடாது.

சேரும் முன் என்ன கேட்கணும்?

எத்தனை வாரம்? நடத்துபவர் எங்கே பயிற்சி பெற்றார்? உங்கள் மனநலப் பிரச்னை பற்றி முன்கூட்டியே விசாரிக்கிறாரா? நடுவில் பதற்றம் கூடினால் என்ன செய்வார்? பழைய அதிர்ச்சி அனுபவம், தற்கொலை எண்ணம், மனச்சிதைவு போன்றவை இருந்தால் முதலில் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். கண்ணை மூடி உள்ளே கவனிப்பது சிலருக்குப் பயத்தைக் கூட்டலாம். அப்படித் தோன்றினால் கண்ணைத் திறந்து, நிறுத்திவிடலாம். அதில் தப்பே இல்லை.

"மாத்திரையை இன்னைக்கே விட்டுடுங்க" என்று யாராவது சொன்னால், விட வேண்டியது அந்த வகுப்பைத்தான்.

ஆப் வேஸ்ட் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தூங்கும் முன் கொஞ்சம் நிதானமாக மூச்சு விட அது உதவினால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சிகிச்சையின் இடத்தில் மட்டும் அதை உட்கார வைக்காதீர்கள்.

(மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.)