ஈரலின் பொறுமைக்கும் எல்லையுண்டு

உடல் தன் குறையைத் தானே நிரப்பும் ஆற்றலுக்கு ஈரலே தலைசிறந்த சான்று. 1931ஆம் ஆண்டில் ஹிக்கின்ஸ், அன்டர்சன் என்னும் இருவர் எலிகளின் ஈரலில் மூன்றில் இரு பங்கை வெட்டியெடுத்து ஆராய்ந்தனர். எஞ்சிய பங்கின் கலங்கள் பெருகி, சில வாரங்களுள் ஈரல் பழைய பருமனை எய்தியது. மனித ஈரலுக்கும் இவ்வியல்பு உண்டு. இதனை நம்பியே 1989இல் பிறிஸ்பேன் நகரில் ஒரு தாயின் ஈரற்பகுதி அவள் மகனுக்குப் பொருத்தப்பட்டது. மகன் உயிர் பிழைத்தான்.

“ஈரல் மீள வளருமன்றோ? குடித்தால் வருங்கேடு யாது?” என வினவுவோர் நம்முள்ளும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. ஒருமுறை நேர்ந்த வெட்டை ஈரல் ஆற்றிக்கொள்ளும். ஆண்டுக்கணக்காக மதுவால் அழற்சியுறின், நாரிழையம் படர்ந்து தழும்பேறிச் சுருங்கும். நோவு தோன்றுமுன்னரே கேடு முற்றிவிடுதலும் உண்டு; முற்றியபின் மீட்சி அரிது.

காலத்தோடு மதுவைக் கைவிட்டார்க்கு ஈரல் பெரும்பாலும் தேறும். ஆதலின், பழைய மாணவராகிய நாம் ஒன்றுகூடும் விருந்துகளில் மதுக்கிண்ணத்தை விலக்குதல் வேண்டும் என்பதே எமது கருத்து. இளைய மாணாக்கர் நம்மைப் பார்த்தன்றோ பழகுகின்றனர்!