'நம்ம பொண்ணு' என்பது ஒரு தகுதியா?

2020 ஆகஸ்ட் 11 அன்று ஜோ பைடன் தன் துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸை அறிவித்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லட்டுப் படங்கள் குவிந்துவிட்டன. "நம்ம பொண்ணுடா!" என்று மாமா குரல் செய்தி அனுப்பினார். அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினார்கள். எட்டு நாள் கழித்து, கட்சி மாநாட்டில் கமலா 'சித்திகள்' என்று சொன்னதும் அம்மா அழுதேவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த நவம்பரில்தான் எனக்கு முதல் ஓட்டு.

ஆனால் எங்கள் வீட்டில் யாருமே, நான் உட்பட, ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: இது நல்ல தேர்வுதானா?

துணை அதிபரின் வேலை என்ன? செனட்டுக்குத் தலைமை தாங்குவது, அங்கே வாக்குகள் சமமானால் ஓர் ஓட்டுப் போடுவது. இதைவிட முக்கியமானது, அதிபர் இல்லாமல் போனால் அந்த நாற்காலியில் உட்காருவது. இதுவரை 9 பேர் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். 8 முறை அதிபர் இறந்ததால், ஒரு முறை நிக்சன் பதவி விலகியதால். 1945-ல் ரூஸ்வெல்ட் இறந்தபோது ட்ரூமன் துணை அதிபராகி 82 நாள்தான் ஆகியிருந்தது. அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரமே அவருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. நான்கு மாதத்துக்குள் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது.

2020-ல் பைடனுக்கு வயது 77. நாம் என்ன கேட்டிருக்க வேண்டும், சொல்லுங்கள்.

எடை போட விஷயம் இல்லாமலா இருந்தது? கமலா சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞர், பிறகு கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல், பிறகு செனட்டர். மூன்றும் தேர்தலில் வென்ற பதவிகள். 2004-ல் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்ட வழக்கில், கடும் எதிர்ப்பு வந்தும் அவர் மரண தண்டனை கேட்கவில்லை. துணிச்சல்தான். ஆனால் 2014-ல் கலிஃபோர்னியாவின் மரண தண்டனை முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ஒரு ஃபெடரல் நீதிபதி சொன்னபோது, அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தவரும் அவர்தான். பதவிக் கடமையா, அரசியல் கணக்கா? பிள்ளைகள் அடிக்கடி பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் மீதே வழக்குப் போட வழிசெய்த சட்டத்தை ஆதரித்தார். அதில் அடிபடுவது ஏழைக் குடும்பங்கள்தானே?

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆதரித்திருந்தால் அது முடிவு. கேட்காமல் ஆதரித்தது வெறும் பாசம். ஊரில் 'நம்மாளு' என்று சாதி பார்த்து ஓட்டுப் போடுகிறவர்களை நாம் கிண்டல் செய்வோம். நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு நாம் செய்தது மட்டும் என்னவாம்?

"நம்மைப் போல் ஒருவர் அங்கே இருப்பது பெரிய விஷயமில்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். பெரிய விஷயம்தான். அந்த மகிழ்ச்சியை நான் திருப்பிக் கேட்கவில்லை. மகிழ்ச்சியோடு யோசனை நின்றுவிட்டதே, அதைத்தான் சொல்கிறேன்.

நிரூபணம் வேண்டுமா? 2024 ஆகஸ்ட் 6 அன்று, அதிபர் வேட்பாளரான கமலாவே தன் துணையாக டிம் வால்ஸைத் தேர்ந்தெடுத்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 12 ஆண்டு காங்கிரஸ் உறுப்பினர், மினசோட்டா ஆளுநர். ஒரு தலைவராகக் கமலா எடுத்த பெரிய முடிவு அது. எங்கள் குழுவில் மூச்சே இல்லை. எதிரணி வான்ஸின் மனைவி உஷா தெலுங்கா தமிழா என்ற ஆராய்ச்சி மட்டும் இரண்டு நாள் ஓடியது.

2020-ல் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். வருத்தமில்லை. ஆனால் ஏன் போட்டாய் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், 'சித்தி' என்பதைத் தவிர என்னிடம் பதில் இருந்திருக்காது. அதுதான் வெட்கம்.

அடுத்த முறை லட்டுப் படம் வரும்போது, "சரி மாமா, நாளைக்கே இவர் அதிபரானால் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். மாமா கோபித்துக்கொள்வார். பரவாயில்லை, கேளுங்கள்.