கண்வலி விதையை அவசரப்பட்டு விற்கலாமா?

கண்வலிக் கிழங்கை ஆயுர்வேதம் லாங்கலி என்கிறது. நம் பக்கத்தில் கலப்பைக் கிழங்கு என்பர். இரண்டும் கலப்பையைக் குறித்த பெயர்களே. கிழங்கின் உருவம் அப்படி. உபவிஷங்களில் ஒன்றாதலால் சுத்தி செய்த பின்னரே வைத்தியர்கள் இதைக் கையாண்டனர். இன்று நம் விவசாயிகள் இதைச் சாகுபடி செய்வது கிழங்குக்காக அன்று, விதைக்காக. விதையிலுள்ள கோல்ச்சிசின் 'கவுட்' என்னும் மூட்டு நோய்க்கான மருந்தாகிறது.

ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி, ஜெயங்கொண்டம், வேதாரண்யம் வட்டாரங்களில் இப்பயிரின் சிரமம் தெரியாதவர் இல்லை. விதைக்கிழங்கு வாங்க வேண்டும். கொடி படரக் கம்பி கட்ட வேண்டும். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்திருப்பதால் அதன் மகரந்தம் தானாக அதில் படுவது அரிது. ஆகவே காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறோம். இவ்வளவுக்கும் எக்டருக்குக் கிடைப்பது 200 முதல் 250 கிலோ விதை. அதைத் தை, மாசியில் கடன்காரருக்குப் பயந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் வியாபாரியிடம் கொட்டுகிறோம். வாங்குவோர் சிலரே. குறைந்தபட்ச ஆதரவு விலையும் இதற்கு இல்லை. விலை போகாத வெங்காயத்தை உள்ளூர்ச் சந்தையிலாவது தள்ளிவிடலாம். இந்த விதையை யாரிடம் கொண்டு போவது?

ஆனால் வெங்காயத்துக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு. நன்கு காய்ந்த விதை எளிதில் கெடாது. பறித்த காய்களை 10 முதல் 15 நாள் நிழலில் வைத்தால் தாமே வெடிக்கும். விதையைப் பிரித்துச் சுத்தமான சிமெண்டுத் தளத்தில் மெல்லப் பரப்பி, மேலும் ஒரு வாரம் நிழலிலேயே உலர்த்துங்கள். அவசரத்தில் ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை. கடனுக்கு வேண்டிய அளவை மட்டும் விற்று மீதியை நிறுத்தி வைப்பதே என் யோசனை. பத்துப் பேர் சேர்ந்து ஒரே தரமாக வைத்திருந்தால் ஏற்றுமதியாளரிடமே நேரில் பேசலாம்.

கையில் காசில்லாதவன் எப்படிக் காத்திருப்பான் என்பீர்கள். நியாயமே. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் ஏற்பாடு உள்ளது. கண்வலி விளையும் வட்டாரங்களில் எல்லாக் கூடங்களும் இந்த விதைக்கும் அக்கடனைத் தர முன்வர வேண்டும். கிழங்குக்கு மானியம் கேட்பதைவிட இதைக் கேட்பதே மேல்.

விதையை வீட்டில் வைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழங்கைப் போலவே விதையும் கொடிய நஞ்சு. சிறிதளவு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. முறிவு மருந்து எளிதில் கிடைப்பதில்லை. தானிய மூட்டைகளோடு சேர்த்து அடுக்காதீர்கள். தனி அறையில் பூட்டி, சாக்கின் மேல் 'விஷம்' என்று எழுதி வையுங்கள். உலர்த்தும் தளத்துக்குப் பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அண்டவிடக் கூடாது.