பழைய மோதிரமும் பழைய பலகையும்

நிச்சயதார்த்தத்துக்குப் பழங்கால மோதிரம் வாங்கிப் போடும் ஆசை நம் வியாபாரக் குடும்பங்களிலும் வந்துவிட்டது. வாங்கிய பத்தே நாளில் கல் உதிர்ந்தால் யார் பொறுப்பு?

பல்லாண்டு உபயோகத்தில் கல்லைப் பிடித்திருக்கும் பிடிகள் தேய்ந்திருக்கும். வாங்குபவர் கண்ணுக்கு இது படாது, விற்பவருக்குத் தெரியும். தெரிந்தவர் அதை பில்லில் எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்பதே நாணயம். வாங்கியவர் கீழே போட்டு உடைத்தால் அது வேறு விஷயம்.

கல் விழுந்ததும் அவசரப்பட்டு வேறு ஆசாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். பற்றவைத்த பின் பழுது எப்படி வந்தது என்று நிரூபிப்பது கடினம். போட்டோ எடுத்துக்கொண்டு, கல்லோடும் பில்லோடும் விற்ற கடைக்கே சென்று எழுத்து மூலம் கேளுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் காட்டுவார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அவ்வாறே. 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்.

வணிகப் பெருமக்களே, அதே பலகை நம் மளிகைக் கடைகளிலும் தொங்குகிறதே! மோதிரத்துக்கு நாம் கேட்கும் நியாயத்தைத்தான் வண்டு விழுந்த பருப்போடு வரும் வாடிக்கையாளரும் கேட்கிறார். முதலில் நம் பலகையைக் கழற்றுவோம்.