உ.பி. மதரஸாக்களில் கணக்குப் பாடம் நடத்தியவர்கள் எங்கே?

உத்தரப் பிரதேச மதரஸா கல்வி வாரியச் சட்டம் செல்லும் என்று 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்த சட்டம் அது. காமில், ஃபாஸில் பட்டங்கள் தொடர்பான பகுதி மட்டும் செல்லாது என்றானது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம். ஆனால் அந்த மதரஸாக்களில் பாடம் நடத்தியவர்களில் ஒரு பகுதியினர் பத்து மாதங்களுக்கு முன்பே கைவிடப்பட்டிருந்தார்கள். அந்தச் செய்தி நம்மில் எத்தனை பேரை எட்டியது?

மதரஸாக்களில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் போன்ற பாடங்கள் நடத்தும் ஆசிரியர்களுக்கு மதிப்பூதியம் தர 1993-94ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. பின்னர் அது விரிவடைந்து, பட்டதாரிக்கு மாதம் 6,000 ரூபாய், முதுகலையும் பி.எட்.டும் முடித்தவருக்கு 12,000 ரூபாய் என்றானது. உ.பி. அரசு தன் பங்காக 2,000, 3,000 சேர்த்துக் கொடுத்தது. மத்திய அரசின் பணம் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நின்று, 2022 மார்ச்சுடன் திட்டமே முடிந்தது. 2024 ஜனவரியில் மாநில அரசும் கையை விரித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 21 ஆயிரத்துக்கும் அதிகமானோர். அவர்களில் இந்துக்களும் உண்டு.

வேறொரு இடத்தில் ஓர் ஆசிரியர் போனால் இன்னொருவர் வருவார், இல்லாவிட்டால் டியூஷன் இருக்கும். உ.பி.யின் நிலை வேறு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து சச்சார் குழு தந்த புள்ளிவிவரப்படி, தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம், மாநிலச் சராசரியான 73.5ஐ விட அதிகம். உ.பி. முஸ்லிம்களுக்கோ 47.8 சதவீதம். நம் வீட்டில் பிள்ளையின் ஹோம்வொர்க்கை உம்மா பார்த்துவிடுவார். அங்கே பல வீடுகளில் நோட்டைத் திறந்தாலும் படித்துச் சொல்ல ஆள் இல்லை. வீட்டுப்பாடம் கொடுத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் வகுப்பிலேயே முடிக்க வேண்டும். மொராதாபாத் பித்தளைப் பட்டறைக்கோ அலிகர் பூட்டுப் பட்டறைக்கோ பையன் போய்விட்டால், வீடு தேடிப் போய் வாப்பாவிடம் பேசி அழைத்து வர வேண்டும். பரீட்சைப் படிவத்தையும் ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த படித்த மனிதர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான்.

முஸ்லிம்கள் பின்தங்கியதற்கு மதரஸாதான் காரணம் என்று தொலைக்காட்சி விவாதங்களில் முழங்குகிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 3 சதவீதம்தான் மதரஸாவில் படிக்கிறார்கள் என்று சச்சார் அறிக்கை 2006லேயே சொல்லிவிட்டது.

அரசைக் குறை சொல்ல நியாயம் இருக்கிறது. ஆனால் நம்மிடம் ஒரு கேள்வி. இத்தனை ஆண்டுகள் ஓர் ஆசிரியரின் கூலி டெல்லியிலிருந்து வரும் என்று காத்திருந்த நிர்வாகங்கள், அதைத் தம் கடமையாக ஏன் நினைக்கவில்லை? பத்ரில் கைதானவர்களில் பணம் கட்ட வழியில்லாத, எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் முடிவு செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எழுதத் தெரிந்தவர் மிகக் குறைவான சமுதாயம் அது. ஆசிரியர் முஸ்லிமா என்று பார்க்கவில்லை, ஓசியிலும் கேட்கவில்லை. ஒரு கைதியின் பிணைத்தொகைக்கு ஈடாக அந்த வேலையை மதித்தார்கள்.

இங்கே ஒரு ஃபிக்ஹ் சிக்கலும் உண்டு. வெளிப்படையாகப் பேச வேண்டியது. மதரஸாக்களுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி ஜகாத். அது ஏழை மாணவருக்கு உரியது. அதை ஆசிரியருக்குச் சம்பளமாகக் கொடுக்க முடியாது. சம்பளம் லில்லாஹ் நன்கொடையிலிருந்தோ வக்ஃப் வருமானத்திலிருந்தோதான் வர வேண்டும். ரமளானில் நாம் ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். லில்லாஹ்வுக்குச் சட்டைப்பையில் மிஞ்சியதைக் கொடுக்கிறோம். விடுதியில் சோறு கிடைக்கும், வகுப்பில் ஆசிரியர் இருக்க மாட்டார். நம் ஊர் மக்தப் உஸ்தாதுகளின் சம்பளம் உயராததற்கும் இது ஒரு காரணம்.

வரும் ரமளானிலும் வடநாட்டிலிருந்து ரசீதுப் புத்தகத்தோடு நம் பள்ளிவாசல்களுக்கு வசூலுக்கு வருவார்கள். எத்தனை மாணவர்கள் என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். கணக்கு நடத்த ஆள் இருக்கிறாரா, அவருக்கு என்ன சம்பளம், கடைசியாக எந்த மாதம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், ஜகாத்துக்கு ஒரு ரசீதும் சம்பளத்துக்கென்று லில்லாஹ்வில் தனியாக ஒரு ரசீதும் போடச் சொல்லுங்கள்.